அரை மேஜை கொடுத்த கோகோ பாட்டிக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

அன்புள்ள உறவுகளே, நண்பர்களே,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், தொழில் சொல்லித்தரும் எங்கள் சனிக்கிழமை வகுப்பின் சந்தை நாள், அதாவது பிள்ளைகளே பொருள் செய்து விற்கும் நாள், நல்லபடியாக முடிந்தது. இந்த வருஷம் நடக்காது என்று எங்களில் பாதிப் பேர் முடிவே கட்டிவிட்டோம். நடந்துவிட்டது. அந்த நிம்மதியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கோர்வையாக வரவில்லையென்றால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மழையைப் பற்றி எழுதப்போவதில்லை. டர்பனில் இருப்பவர்கள் பட்டீர்கள், மற்றவர்கள் படம் பார்த்தீர்கள். வகுப்பு நடக்கும் மண்டபத்தில் வெள்ளம் விட்டுப்போன சேற்றை வழித்துக் கொட்டியாகிவிட்டது, வாடை மட்டும் இன்னும் நிற்கிறது. தையல் மிஷின்கள் பழுதுபார்க்கப் போயிருக்கின்றன. பிள்ளைகள் எல்லோரும் பத்திரம்.

ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் நன்றிக் கடிதத்தைப் பிள்ளைகளே எழுதி அனுப்பிவிட்டார்கள். என்னுடையதைவிடச் சுருக்கமாகவும் அழகாகவும் இருக்கிறது. தமிழில் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. இங்கே ஐந்தாம், ஆறாம் தலைமுறைத் தமிழர்களில் பலருக்குத் தேவாரம் மனப்பாடம், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. அதனால் இந்த மடல் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்தும் மொரீஷியஸிலிருந்தும் கை கொடுத்த உங்களுக்குத்தான்.

வகுப்பைப் பற்றிப் புதியவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்கப் பள்ளிகளில் ஏழாம் வகுப்பு முதல் ஒன்பது வரை பொருளியலும் மேலாண்மையும் சேர்ந்த ஒரு பாடம் உண்டு. அதில் நூற்றுக்கு 30 பங்கு தொழில்முனைவுக்கு. பிள்ளைகளே பொருள் செய்து விற்கும் ஒரு நாளும் பாடத்திட்டத்தில் இருக்கிறது. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்தாம் வகுப்பிலிருந்து வணிகம் விருப்பப் பாடம். படிப்பை நிறுத்தியவர்களுக்கு அதுவும் கிடையாது. 2024இல் இந்த நாட்டில் 15 முதல் 34 வயதுக்குள் உழைக்கத் தயாராக இருந்தவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பேருக்கு வேலை இல்லை. அப்படிப்பட்ட சிலர்தான் சனிக்கிழமை காலையில் எங்களிடம் வருகிறார்கள். சாட்ஸ்வர்த்திலிருந்து தமிழ், தெலுங்கு, இந்தி வீட்டுப் பிள்ளைகள், உம்லாசியிலிருந்து ஜூலுப் பிள்ளைகள், காங்கோவிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகள். சாட்ஸ்வர்த்தும் உம்லாசியும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். 1950இல் வந்த குடியிருப்புப் பகுதிச் சட்டத்தின் கணக்கில் ஒன்று இந்தியருக்கு, இன்னொன்று கறுப்பருக்கு. சட்டம் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் பிள்ளைகள் வகுப்புக்கு வந்த பிறகுதான் ஒருவர் தெருப் பெயரை இன்னொருவர் தெரிந்துகொள்கிறார்கள்.

பன்முகம், அனைவரையும் உள்ளடக்குதல், உலகக் குடிமை என்றெல்லாம் நன்கொடை கேட்கும் விண்ணப்பத்தில் நாங்களும் எழுதுகிறோம். எழுதினால்தான் காசு வரும். வகுப்பில் அந்தச் சொற்கள் வாயில் வருவதே இல்லை. சேமிப்புப் பாடம் நடத்தும் நாளில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். மாதாமாதம் ஆளுக்கு இவ்வளவு போட்டு, முறை வைத்து ஒருவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்ளும் வழக்கம் உங்கள் வீட்டில் உண்டா என்று கேட்பேன். ஜூலுப் பெண் எழுந்து ஸ்டாக்வெல் என்பாள். காங்கோப் பையன் லிகெலெம்பா என்பான். தமிழ்ப் பிள்ளை தயங்கித் தயங்கி, ஆயா சீட்டு போடுவார் என்று சொல்லும். பிறகு அரை மணி நேரம் என்னால் வாயே திறக்க முடியாது. யார் வீட்டில் யார் பணத்தைக் கட்டாமல் ஓடிப்போனார்கள், அவரை எப்படி வழிக்குக் கொண்டுவந்தார்கள் என்று கதை கதையாக வரும். ஏமாற்றிய மாமா எல்லா மொழியிலும் இருக்கிறார். 2015இல் அயல்நாட்டவரைத் துரத்தியபோது சாட்ஸ்வர்த்தில் கூடாரத்தில் தங்கிய குடும்பத்துப் பிள்ளையும், 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு பக்கத்து ஊர்க்காரரைக் கண்டாலே முகம் திருப்பிக்கொண்ட வீட்டுப் பிள்ளையும் அந்த அரை மணி நேரம் ஒரே மாமாவைத் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

மண்டபம் இல்லையென்றானதும் சந்தை நாளை எங்கே நடத்துவது என்று அலைந்தோம். ஒரு பெரிய கடைத்தொகுதியில் கேட்டோம். காப்பீட்டுப் பத்திரம் கேட்டார்கள், அதோடு பேச்சு முடிந்தது. கடைசியில் வார்விக் விடிகாலைச் சந்தையில் ஓர் ஓரம் கிடைத்தது. டர்பன் பக்கம் வராதவர்களுக்காகச் சொல்கிறேன், அது சாதாரண இடமில்லை. 1860இல் மெட்ராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் வந்து இறங்கியவர்களும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் கரும்புத் தோட்ட ஒப்பந்தம் முடிந்ததும் காய்கறி பயிரிட்டுக் கூடையில் சுமந்து விற்றார்கள். அந்த வியாபாரத்தின் வாரிசுதான் இந்தச் சந்தை. 1910லிருந்து கணக்கு. என் மாமியாரின் தாத்தா கீரை விற்றவர். நூறு வயதை எட்டும் நேரத்தில், 2009இல், இடித்துவிட்டுப் பேரங்காடி கட்ட நகராட்சி கிளம்பியது. இந்தியரும் ஜூலுக்களுமாக வியாபாரிகள் தெருவிலும் நீதிமன்றத்திலும் நின்று காப்பாற்றினார்கள். சேர்ந்து தொழில் செய்வது எப்படி என்று பாடம் எடுக்க எனக்கு இதைவிட நல்ல கட்டடம் தெரியாது.

ஆனால் மேஜை போதவில்லை. எங்கள் மடக்கு மேஜைகள் வெள்ளத்தோடு போயின. மற்ற பிள்ளைகளை எப்படியோ அங்கங்கே பொருத்திவிட்டோம். ஒரு பையனுக்கு மட்டும் இடமில்லை. அவனுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. அன்னாசிப் பழத்தை நறுக்கி மசாலா தூவி விற்பது அவன் திட்டம். டர்பன் கடற்கரைக்குப் போனவர்களுக்கு அந்த ருசி தெரியும். கையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் மதும்பி விற்கும் ஒரு கோகோ. இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவோம். மதும்பி என்பது நம் சேப்பங்கிழங்குதான். ஜூலு வீட்டிலும் தமிழ் வீட்டிலும் ஒரே மாதிரி தீர்ந்துபோகும். கோகோ அவனை ஒரு தடவை பார்த்தார். எதுவும் கேட்கவில்லை. தன் மேஜையில் பாதிக் கிழங்கை அள்ளிக் கீழே சாக்கில் இறக்கினார். துணியால் அந்தப் பக்கத்தைத் துடைத்தார். முகவாயால் ‘வை’ என்று காட்டினார்.

அதோடு நின்றிருந்தாலே இந்த மடலுக்குப் போதும். நிற்கவில்லை.

பையன் விலைப் பலகை ஒன்று எழுதிக் கொண்டுவந்திருந்தான். சிறிய கப், பெரிய கப், மசாலாவோடு, மசாலா இல்லாமல், இரண்டு வாங்கினால் இவ்வளவு என்று நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி கட்டம் போட்டு அழகாக எழுதியிருந்தான். வந்தவர்கள் யாரும் பலகையைப் படிக்கவில்லை. சந்தையில் யார் படிக்கிறார்கள்? ‘எவ்வளவு?’ என்று வாயால்தான் கேட்டார்கள். அவன் பலகையைக் காட்டுவான், அவர்கள் இன்னொரு தடவை கேட்பார்கள், பிறகு போய்விடுவார்கள்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த கோகோ தன் பிளாஸ்டிக் கிண்ணங்களில் மூன்றை எடுத்துக் கவிழ்த்துத் தட்டினார், கழுவினார். ஒன்றில் கொஞ்சம் பழம், ஒன்றில் அதைவிட அதிகம், ஒன்றில் குவியலாக. அந்தச் சந்தையில் கிழங்கும் தக்காளியும் தராசில்லாமல் குவியலாக விற்பது அப்படித்தான். பிறகு இடுப்புப் பையைத் திறந்து முதல் கிண்ணத்துக்கு முன்னால் ஒரு ஐந்து ராண்ட் நாணயத்தை வைத்தார். அடுத்ததற்குப் பத்து ராண்ட் நோட்டு, அதற்கடுத்து இருபது. நோட்டுகள் பறக்காமல் பாலித்தீன் உறைக்குள் போட்டுக் கல் வைத்தார். எல்லா நோட்டிலும் மண்டேலா முகம் ஒன்றுதான் என்பதால் பின்பக்கத்தைத் திருப்பி வைத்தார். பத்துக்குக் காண்டாமிருகம், இருபதுக்கு யானை. பையன் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அப்புறம் வந்தவர்கள் கிண்ணத்தைக் காட்டினார்கள், காசைக் கொடுத்தார்கள், பழத்தை வாங்கிப் போனார்கள். யாரும் வாய் திறக்கத் தேவையில்லை. காங்கோவிலிருந்து வந்து இன்னும் ஆங்கிலம் பிடிபடாத அம்மா ஒருவர் சிரமமே இல்லாமல் யானைக் கிண்ணம் வாங்கினார். பஸ்ஸுக்கு ஓடுகிறவர்களும் நின்று வாங்கினார்கள். மத்தியானத்துக்குள் எங்கள் பிள்ளைகளின் மற்ற கடைகளிலும் நாணயமும் நோட்டும் முளைத்துவிட்டன. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, பார்த்துச் செய்தார்கள்.

2023 ஜூலையில் தென்னாப்பிரிக்கச் சைகை மொழி இந்த நாட்டின் பன்னிரண்டாவது ஆட்சிமொழி ஆனது. பெரிய விஷயம், அதற்காகப் பல வருஷம் போராடியவர்களுக்கு என் வணக்கம். ஆனால் அன்றைக்கு அந்த மேஜையைச் சுற்றி அந்த மொழி தெரிந்தவன் அவன் ஒருவன்தான். கோகோ அவனிடம் இரண்டு சைகை கற்றுக்கொண்டார்: ஒன்று நன்றிக்கு, ஒன்று ‘இன்னும் கொஞ்சம் போடு’வுக்கு. இரண்டாவதைத் தன் வாடிக்கையாளர்களிடமும் காட்டி, அவர்கள் விழித்ததைப் பார்த்துச் சிரித்தார்.

சாயங்காலம் மேஜை வாடகை என்று ஒரு தொகையை உறையில் போட்டு நீட்டினோம். நகராட்சிக்கு மாதாமாதம் வாடகை கட்டுபவர் அவர். பாதிக் கிழங்கு சாக்கிலேயே கிடந்ததில் அவருக்கு அன்றைக்கு நஷ்டம்தான். உறையைத் தொடவே இல்லை. மூன்று கிண்ணத்துக்கும் முன்னால் வைத்த தன் காசை மட்டும் எண்ணி எடுத்து இடுப்பில் முடிந்துகொண்டார். அன்னாசி ஒரு கிண்ணம் கேட்டு வாங்கித் தின்றுவிட்டு, மசாலா அதிகம் என்றார்.

கோகோ, உங்கள் பெயரை இங்கே போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. இந்த மடலின் சாரத்தை உங்கள் பேத்தி உங்களுக்கு ஜூலுவில் சொல்வாள். ஙியாபோங்கா கக்குலு, மிக்க நன்றி.

மற்றவர்களையும் சொல்லாமல் விட முடியாது. சேறு வழித்த சங்கத்துப் பெரியவர்கள், நனைந்த நோட்டுப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாக இஸ்திரி போட்டுக் கொடுத்த தேவாலயப் பெண்கள், மூன்று நாள் சோறு அனுப்பிய பள்ளிவாசல் சமையல்கட்டு, சாமான்களை இலவசமாக ஏற்றிப் போன மினிபஸ் டாக்ஸி டிரைவர் அண்ணன், முதலுக்குக் கைமாற்று கொடுத்த ஸ்டாக்வெல் அக்காமார்கள் (திருப்பிக் கொடுத்துவிட்டோம், வட்டி வேண்டாம் என்றுவிட்டார்கள்), வகுப்பு நாட்களில் சைகை மொழிக்குத் துணை வந்த ஆசிரியை, ஊரிலிருந்து பணம் அனுப்பிவிட்டு ரசீது வேண்டாம் என்ற எல்லோரும். ரசீது கட்டாயம் வரும். கணக்குப் பாடம் நடத்திக்கொண்டு ரசீது கொடுக்காமல் இருந்தால் பிள்ளைகள் என்னை விடமாட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்குள் ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. தொழில்முனைவோர் என்றதும் பாடப்புத்தகப் படத்தில் எப்போதும் ஒற்றை ஆள்தான். கையைக் கட்டிக்கொண்டு தனியாக நிற்பார். வார்விக்கில் அப்படி ஒருவரைக்கூட நான் பார்க்கவில்லை. தேங்காய் விற்பவர் கழிப்பறைக்குப் போனால் மிளகாய் விற்பவர் இரண்டு கடையையும் பார்க்கிறார். சில்லறை இல்லையென்றால் அடுத்த மேஜையில் மாற்றிக்கொள்கிறார்கள். ஒருவர் கிழங்கு தீர்ந்தால் வாங்க வந்தவரை இன்னொருவரிடம் கைகாட்டி விடுகிறார்கள். யாரோடு சேர்ந்து விற்பாய், யாருக்கு இடம் விடுவாய் என்ற கேள்விக்கு எங்கள் தொழில் திட்டப் படிவத்தில் ஒரு கட்டம்கூடக் கிடையாது. போட்டியாளர் யார் என்பதற்கு இரண்டு கட்டம் இருக்கிறது.

அதனால் அடுத்த பருவத்திலிருந்து படிவம் மாறுகிறது. புதிதாகச் சேரும் பிள்ளைகள் திட்டம் எழுதும் முன்னால் சந்தைக்குப் போய் யாராவது ஒரு வியாபாரிக்குக் கூடமாட நிற்க வேண்டும்: சாட்ஸ்வர்த் பிள்ளைகள் ஜூலு வியாபாரியிடம், உம்லாசிப் பிள்ளைகள் தமிழ் வியாபாரியிடம். அடிப்படைச் சைகைகளை நான் உட்பட எல்லோரும் படிக்கிறோம். சைகை சொல்லித்தரப்போவது அன்னாசிப் பையன்தான், அதற்கு அவனுக்குச் சம்பளமும் உண்டு. கோகோவின் மேஜைக்கு மேலே கிழிந்து தொங்கும் தார்ப்பாயை லாபத்தில் மாற்றித் தரப் பிள்ளைகள் கைதூக்கி முடிவெடுத்திருக்கிறார்கள். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பார், அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கட்டிவிட்டு வரப்போகிறோம்.

இனி மாதத்தில் ஒரு சனிக்கிழமை எங்கள் கடைகள் அங்கேயே இருக்கும். டர்பன் பக்கம் வருகிறவர்கள் வாருங்கள், காலையிலேயே வாருங்கள், பத்து மணிக்கு மேல் நல்ல அன்னாசி இருக்காது. முக்கியமாகச் சில்லறையாகக் கொண்டு வாருங்கள். இருநூறு ராண்ட் நோட்டை நீட்டினால் பிள்ளைகள் மீதிக்குக் கோகோவிடம்தான் ஓடுவார்கள்.

அன்புடனும் நன்றியுடனும்,
சனிக்கிழமை வகுப்பு ஆசிரியை, டர்பன்