எல்லைக் காவலின் செலவைப் படகுக்காரர் ஏன் சுமக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே ஆற்றைக் கடந்து ஆட்களையும் கார்களையும் ஏற்றிச் செல்லும் சிறு குடும்பப் படகுச் சேவைகள், எல்லைப் பாதுகாப்பு விதிகளால் ஏறிவரும் செலவைத் தாங்க முடியாமல் திணறுவது பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளியான கட்டுரையை வாசித்தேன். மட்டக்களப்பு வாவியைக் கடந்தே பாடசாலைக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்ப் பழகிய, அதன் மேற்குக் கரையான படுவான்கரையின் மக்களில் ஒருவன் என்ற முறையில் சிலவற்றை எழுத விரும்புகிறேன்.

ஒன்ராறியோ மாகாணத்தின் வுல்ஃப் தீவிலிருந்து நியூயோர்க் மாநிலத்தின் கேப் வின்சென்ட் என்ற சிற்றூருக்குச் செல்லும் படகைப் பல தலைமுறைகளாக ஒரே குடும்பம் நடத்திவந்திருக்கிறது. ஒரு சில கார்களே ஏறக்கூடிய அந்தப் படகு அக்கரை சேர ஏறத்தாழப் பத்து நிமிடமே ஆகும். ஆனால் நடு ஆற்றில் இரு நாடுகளின் எல்லை ஓடுவதால், சட்டத்தின் பார்வையில் அந்தப் பத்து நிமிடமும் சர்வதேசப் பயணம் ஆகிவிடுகிறது.

2001 செப்டெம்பர் தாக்குதலுக்குப் பிறகு சர்வதேச கடல்சார் அமைப்பு உருவாக்கிய கப்பல், துறைமுகப் பாதுகாப்புக் கோவை (விதித் தொகுப்பு) 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா 2002 இலேயே தனக்கெனக் கடல்சார் பாதுகாப்புச் சட்டமொன்றை இயற்றிக்கொண்டது. சர்வதேசக் கோவை, சரக்குக் கப்பல்களுக்கு 500 மொத்தத் தொன் என்ற கீழெல்லையை வைத்து, அதற்குச் சிறியவற்றை விட்டுவிடுகிறது. பயணிகள் கப்பல்களுக்கோ அவ்வாறான தொன் எல்லை கிடையாது. பன்னிரண்டு பயணிகளுக்கு மேல் ஏற்றிக்கொண்டு நாடு விட்டு நாடு செல்லும் கலம் பொதுவாகப் பயணிகள் கப்பலாகவே கொள்ளப்படுகிறது. பாதுகாப்பு மதிப்பீடு, எழுத்து மூலமான திட்டம், பொறுப்பதிகாரி, ஒத்திகை, பதிவேடு ஆகியவற்றோடு இறங்குதுறைக்கு வேலி, வெளிச்சம், ஆட்கள் நுழைவதற்கான கட்டுப்பாடு போன்றவையும் தேவைப்படலாம். ஆயிரக்கணக்கானோரை ஏற்றும் உல்லாசக் கப்பலின் கம்பனிக்கு இது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி. படகை ஓட்டுவதும் கயிறு கட்டுவதும் கட்டணம் வாங்குவதும் தாங்களாகவே இருக்கும் குடும்பத்துக்கு இது ஒரு பருவத்தின் வருமானத்தையே விழுங்கக்கூடிய தொகை.

இத்தகைய சேவைகள் எவ்வளவு எளிதில் அழியும் என்பதற்கு மிச்சிகன் எல்லையிலுள்ள ஒன்ராறியோவின் சொம்ப்ரா கிராமம் சாட்சி. அங்கும் ஒரு குடும்பமே படகை நடத்தியது. 2018 ஜனவரியில் பனிக்கட்டிகள் நெருக்கி இறங்குதுறைப் பாலத்தைச் சிதைத்தன. திருத்துவதற்குப் பணம் திரளாததால் சேவை நின்றே போயிற்று. ஒரே ஒரு பெருஞ்செலவு போதும், அது இயற்கையால் வந்தாலும் சரி, வர்த்தமானியால் வந்தாலும் சரி.

எங்கள் வாவி எந்த நாட்டுக்கும் எல்லையன்று. ஆயினும் போர்க்காலத்தில் கிழக்குக் கரையான எழுவான்கரை ஒருவர் கையிலும் படுவான்கரை இன்னொருவர் கையிலும் இருந்தபோது, மண்முனைத் துறையில் எல்லைக்குரிய சோதனை எல்லாவற்றையும் கண்டோம். பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகுக்காக நின்ற நேரத்தைவிடப் பைகளை அவிழ்த்துக் காட்ட நின்ற நேரமே அதிகம். காவலின் விலையை அன்று கொடுத்தவர்கள் நோயாளிகளும் மாணவர்களும் நெல் கொண்டுவந்த விவசாயிகளும்தான். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கப்பட்ட பின்னரே அத்துறைக்கு விடிவு வந்தது. எல்லையைக் காப்பது அரசின் கடமை என்றால் அதற்கான செலவும் அரசினுடையதே என்று நான் உறுதியாக நம்புவது இந்த அனுபவத்தால்தான். நெடுஞ்சாலையில் சோதனைச் சாவடி போடும் அரசு அதன் செலவைப் பஸ் உரிமையாளரிடம் கேட்பதில்லையே!

இதைச் சொல்லும்போது ஒரு வேறுபாட்டை அழுத்திக் கூற வேண்டும். 2021 நவம்பரில் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டதை நாம் மறக்க முடியாது. உயிர்காப்பு அங்கி, ஏற்றக்கூடிய ஆட்களின் தொகை, கலத்தின் தகுதிச் சான்று ஆகியவற்றில் எந்தச் சிறு படகுக்கும் சலுகை கூடாது. அது ஏறுபவரின் உயிர் சம்பந்தப்பட்டது, நடத்துபவரின் பொறுப்பு. ஏறுபவர் யார், எதைக் கொண்டு போகிறார் என்று நாடு அறிய விரும்புவது வேறு விடயம். இரண்டையும் ‘பாதுகாப்பு’ என்ற ஒரே தலைப்பின் கீழ்ப் போட்டு ஒரே ஆளிடம் பணம் கேட்பது நியாயமன்று.

நமது நாட்டிலும் இது தூரத்துச் செய்தியாக இருக்கப்போவதில்லை. 2023 ஒக்டோபரில் தொடங்கிச் சில நாட்களில் நின்ற நாகப்பட்டினம் – காங்கேசன்துறைச் சேவை 2024 ஓகஸ்டில் மீண்டும் ஆரம்பித்தபோது, செலவைக் குறைக்க இந்திய அரசு நிதியுதவி அளிக்க முன்வந்தது. அந்த முன்மாதிரி நல்லது. நாளை பாக்கு நீரிணையில் சிறு முதலீட்டாளர் ஒருவர் படகு விட முன்வந்தால், பைகளைச் சோதிக்கும் இயந்திரம், வேலி, குடிவரவு அதிகாரிகளின் மேலதிக நேரக் கொடுப்பனவு ஆகியவற்றை யார் செலுத்துவது என்பதை அனுமதிப்பத்திரம் வழங்கும் முன்னரே துறைமுக அமைச்சு எழுத்தில் தெளிவாக்க வேண்டும். கிழக்கின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் இக்கேள்வியைச் சபையில் எழுப்புவதற்குத் தங்கள் பத்திரிகை உதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
படுவான்கரை வாசகர்,
மட்டக்களப்பு.