மூன்றாம் பாகம் அச்சுக்குப் போகும் முன்பே சொல்லிவிட வேண்டிய நன்றி

அன்புள்ள எல்லாருக்கும்,

வணக்கம். கோவைப் புத்தகத் திருவிழாவை முடித்துக்கொண்டு சேரன் எக்ஸ்பிரஸில் சென்னைக்கு வந்து சேர்ந்துவிட்டேன். ஆகஸ்டில் ஈரோடு. இரண்டுக்கும் நடுவில் கிடைத்திருக்கும் இந்த இடைவெளியில் என் மாயக் கதை நாவலின் மூன்றாம் பாகத்தின் எடிட்டிங்கை முடித்து லேஅவுட்டுக்கு அனுப்பியாக வேண்டும், அப்போதுதான் வரும் ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு அச்சாகி வரும். ரயிலில் எடிட்டர் திருத்திக் கொடுத்த பக்கங்களைப் படித்துக்கொண்டு வந்தபோது, ஓரத்தில் அவர் எழுதியிருந்த கேள்விகளே கதையை நடத்திக்கொண்டு போவதைப் பார்த்தேன். நன்றிப் பக்கம் புத்தகத்தின் கடைசியில் வரத்தான் போகிறது, ஆனால் அதில் இடம் குறைவு, சொல்ல வேண்டியதோ நிறைய. அதனால் இந்த மடல்.

புதிதாக வந்தவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடல் கொண்டுபோன ஒரு துறைமுக நகரம். அதை மறுபடி நீருக்கு மேலே கொண்டுவர நினைக்கும் ஒரு பெண். அவளுக்கு மந்திரம் தெரியும், ஆனால் ஒவ்வொரு மந்திரத்துக்கும் தன் நினைவுகளில் ஒன்றை விலையாகக் கொடுக்க வேண்டும், கொடுத்தது திரும்ப வராது. நான் தனியாக யோசித்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் யாரோ ஒருவர் "சரி, அப்படின்னா இது எப்படி?" என்று கேட்டதால் வந்தது. மாயக் கதையில் எதை வேண்டுமானாலும் எழுதிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். குடும்ப நாவலில் பஸ் எப்படி ஓடுகிறது என்று யாருக்கும் விளக்க வேண்டாம். இங்கே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்பதைக்கூட நாமே விதியாக வைத்து, கடைசிப் பக்கம் வரை அதை மீறாமல் போக வேண்டும். அந்த விதிகளைக் காவல் காத்தவர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பெயர் போடலாமா என்று கேட்டபோது பலர் இங்கே வேண்டாம் என்றார்கள், அதனால் அவரவர் செய்த வேலையை வைத்தே சொல்கிறேன்.

முதலில் எடிட்டர் அக்கா. அவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். அதில் என் கதாநாயகி இதுவரை மறந்தவை எல்லாம் அத்தியாய எண்ணோடு வரிசையாக இருக்கும். அப்பாவின் நடை, முதல் மழை, கருவாட்டு வாசனை, பாட்டியின் தாலாட்டு. எனக்கே அப்படி ஒரு பட்டியல் போடத் தோன்றியதில்லை. "9-ஆம் அத்தியாயத்தில் தாலாட்டைக் கொடுத்துவிட்டாள். 31-இல் அவள் தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது, வேறொரு அம்மா அதே பாட்டைப் பாடினால் இவளுக்கு என்ன கேட்கும்?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு எழுதியதுதான், இரண்டாம் பாகத்தில் எல்லாரும் என்னிடம் கையைப் பிடித்துக்கொண்டு பேசும் அந்த அத்தியாயம். கோவையிலும் ஒரு அம்மா அதைப் பற்றித்தான் பேசினார், பேசும்போதே அழுதார். அந்தப் பாராட்டில் பாதி அக்காவுடையது. அதை மேடையிலும் சொன்னேன், இங்கேயும் எழுத்தில் வைக்கிறேன்.

அதே நோட்டில் நிலவுக்கும் தனிக் கணக்கு உண்டு. ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு இருபத்தொன்பதரை நாள். ஒரு அத்தியாயத்தில் அமாவாசை இருட்டில் தப்பித்து ஓடுகிறவர்கள், பத்து நாள் கழித்து எந்த வெளிச்சத்தில் ஆற்றைக் கடக்கிறார்கள் என்று அவர் கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார். தமிழில் எடிட்டர் பெயரைப் புத்தகத்தில் போடுவது இன்னும் வழக்கமாகவில்லை. பதிப்புரையில் ஒரு வரி வந்தால் பெரிசு. என் மனசுக்கு அது சரியாகப் படவில்லை. மூன்றாம் பாகத்தில் என் பெயர் வரும் உள்பக்கத்திலேயே அவர் பெயரும் வரும், பதிப்பாளர் ஒத்துக்கொண்டுவிட்டார். அவருக்கும் நன்றி.

அடுத்து மெய்ப்பு பார்க்கும் ஐயா. மாநகராட்சிப் பள்ளியில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கே ஒற்று மிகும், எங்கே மிகாது என்பதில் அவரிடம் சமரசமே கிடையாது. ஆனால் மீனவர்கள் பேசும் இடங்களில் ஒரு எழுத்தைக்கூடத் தொடமாட்டார், "அவங்க அப்படித்தாம்மா பேசுவாங்க, அதுல நான் யாரு கை வைக்க" என்பார். அவருக்கு நான் பட்டிருக்கும் பெரிய கடன் வேறு. முதல் பாகம் வந்த சமயத்தில், இந்த மாதிரி மாயமெல்லாம் நம் ஊர்ச் சரக்கில்லை, வெளியே இருந்து வந்தது என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் பேசினார். எனக்கு அன்றைக்குப் பதில் சொல்ல வரவில்லை. ஐயா மறுநாள் என்னை உட்காரவைத்து மணிமேகலையைக் காதை காதையாகச் சொன்னார். பூர்வ ஜென்மத்தைக் காட்டும் மணிபல்லவத்துப் பீடிகை, கோமுகிப் பொய்கையிலிருந்து எழுந்து வரும் அமுதசுரபி, எவ்வளவு சாப்பிட்டாலும் அடங்காத யானைத்தீ நோயோடு அலையும் காயசண்டிகை, வான் வழியாகப் போய்வரும் விஞ்சையர்கள். இந்திர விழாவை அரசன் மறந்ததால் கடல் வந்து காவிரிப்பூம்பட்டினத்தைக் கொண்டுபோகிறது. எழுதிய சாத்தனார் மதுரையில் கூலம் விற்ற வணிகர் என்று அவர் பெயரோடேயே சொல்லி வருகிறார்கள். பகலில் தானியத்தை அளந்துகொண்டிருந்த ஒருவர் இதையெல்லாம் எழுதினார் என்பது, கிண்டியில் ஒரு ஆபீஸில் கணக்கு எழுதிக்கொண்டே நாவல் எழுதும் எனக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தது என்று ஐயாவுக்குத் தெரியுமோ என்னவோ. இப்போது தெரிந்துகொள்ளட்டும்.

ஊரூர் குப்பத்துப் பெரியவருக்கும் அவர் தம்பிக்கும். நான் திருவான்மியூரில் இருப்பதால் பெசன்ட் நகர்க் கடற்கரை எட்டிவிடும் தூரம்தான், ஆனாலும் கடலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவர்களிடம் பேசிய பிறகே புரிந்தது. கதையில் படகு கிளம்பும் இடத்தைப் படித்துக் காட்டியபோது பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்று: "காத்து எங்கேருந்தும்மா அடிக்குது? அதைச் சொல்லு மொதல்ல." வடக்கே இருந்து வந்தால் வாடை, கிழக்கே இருந்து வந்தால் கொண்டல். எந்த மாசம் எது வரும், அது வரும்போது கடலுக்குள் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், எந்த மீன் வரும், எது வராது. கட்டுமரத்தைக் கரைக்குக் கொண்டுவந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைத் தனித்தனியாகக் காயப்போடுவார்கள், ஊறின கட்டை கனத்துப்போகும் என்பதால். இப்போது பெரும்பாலும் ஃபைபர் படகுதான், ஆனால் பெரியவர் கைக்கு அந்த முடிச்சு இன்னும் மறக்கவில்லை. அந்த முடிச்சு அப்படியே முதல் பாகத்தில் இருக்கிறது.

என் நகரம் ஏன் கடலுக்குள் போனது என்பதற்கான பதிலும் அவர்களிடமிருந்துதான் வந்தது. முதலில் அதை ஒரு சாபம் என்றுதான் வைத்திருந்தேன். பேச்சுவாக்கில் பெரியவரின் தம்பி சென்னைத் துறைமுகத்தைப் பற்றிச் சொன்னார். இந்தக் கரையோரம் மணல் வருஷத்தில் அதிகமாகத் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். கடலுக்குள் சுவர் கட்டியதும் அது தெற்குப் பக்கம் தேங்கி மெரினா அகலமாகிவிட்டது, மணல் வராமல்போன வடக்குப் பக்கம், ராயபுரம் தொடங்கி மேலே, கடல் கரையைத் தின்றுகொண்டு போனது. வீடுகள் போயின, தெருக்கள் போயின, கல்லைக் கொட்டித்தான் ஓரளவு நிறுத்த முடிந்தது. அதைக் கேட்ட ராத்திரி எனக்குத் தூக்கமில்லை. என் நகரத்து அரச குடும்பம் கப்பலுக்காகக் கடலில் சுவர் கட்டியது, அவர்கள் பக்கம் மணல் சேர்ந்து அரண்மனைக்கு முன்னால் அழகான கரை வந்தது, மறுபக்கத்து ஜனங்களின் தெருக்களைக் கடல் எடுத்தது என்று இரண்டாம் பாகம் மாறியது. சாபத்தை யாரும் கேள்வி கேட்க முடியாது. சுவரைக் கேட்கலாம், யார் கட்டினார்கள், யாருக்காக என்று. கதைக்கு முதுகெலும்பு அங்கேதான் கிடைத்தது. அண்ணன்கள் இருவருக்கும் என் வணக்கம்.

லேஅவுட் செய்யும் தம்பியைப் பற்றிச் சொல்லாவிட்டால் தூக்கம் வராது. புத்தகம் 16 பக்கம் 16 பக்கமாக, ஃபார்மா கணக்கில் அச்சாகும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். இரண்டாம் பாகம் 420 பக்கத்தில் வந்து நின்றது. 26 ஃபார்மா என்றால் 416. அந்த நாலு பக்கத்துக்காக ஒரு வரியைக்கூட வெட்டச் சொல்லாமல், அத்தியாயத் தலைப்புக்கு மேலே இருந்த வெற்றிடத்தையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி ராத்திரியோடு ராத்திரியாகச் சரிசெய்தான். வரைபடத்தை இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போட்டால் துறைமுகம் சரியாக பைண்டிங் மடிப்புக்குள் போய்விடும் என்று முன்கூட்டியே பார்த்து, ஓவியரிடம் பேசி, கரையையே அரை அங்குலம் நகர்த்தினார்கள் இருவரும். ஓவியருக்குத் தனியாக ஒரு நன்றி: அட்டையில் வாளும் தீயும் வேண்டாம், ஈரமான ஒரு படிக்கட்டு போதும் என்று பிடிவாதமாக நின்றதற்கு.

ராயப்பேட்டை அச்சகத்தில் ஜனவரிக்கு முந்தைய வாரங்களில் எல்லாப் பதிப்பாளருடைய வேலையும் ஒன்றாக வந்து நிற்கும்போது, எங்கள் பிரதிகளைத் திறப்பு நாளுக்குள் கட்டிங் முடித்து ஏற்றிவிட்ட அண்ணன்களுக்கும் நன்றி. கட்டுக் கட்டாகத் தூக்கிவந்து அடுக்கி, மணிக்கணக்காக நின்றுகொண்டே பில் போட்டு, "ஃபேண்டஸின்னா சின்னப் பசங்களுக்கா?" என்று கேட்ட ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் கதை சொன்ன ஸ்டால் தம்பி தங்கைகளுக்கும். நான் கையெழுத்துப் போடுகிற நேரத்தில் மட்டும் வந்து போகிறவள், விற்றது அவர்கள்தான்.

நந்தனத்தில், சென்னைப் புத்தகக் காட்சிக்கு, வியாசர்பாடியிலிருந்து வந்திருந்த ஒரு பள்ளி மாணவி. அவள் முதல் பாகத்தைப் பள்ளி நூலகத்தில் படித்துவிட்டு, நகரத்தின் வரைபடத்தைத் தானே பெரிதாக வரைந்து சுருட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். மேசையில் விரித்தாள். கோயில், சந்தை, கலங்கரை விளக்கம் எல்லாம் குறித்திருந்தாள். அப்புறம் கேட்டாள்: "இந்த ஊர்ல குப்பையை யாரு மேடம் அள்றாங்க? அவங்க வீடு எங்க இருக்கு?" பின்னால் வரிசை நீண்டு நின்றது, ஆனால் நான் அவளை விடாமல் பக்கத்தில் உட்காரவைத்துப் பேசினேன். மூன்றாம் பாகத்தின் மூன்றில் ஒரு பங்கு இப்போது அந்த வீட்டில்தான் நடக்கிறது. தங்கச்சி, உன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, உன் டீச்சர் மூலம் உனக்கு முதல் பிரதி வரும்.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய்ப் படிக்கும் பிரிவு இருக்கிறதே, சனி ஞாயிறுகளில் பறக்கும் ரயிலில் மூணாவது ஸ்டேஷனில் இறங்கி அங்கே போய் உட்கார்ந்துவிடுவேன். சுற்றிலும் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள். அத்தனை பேர் மூச்சுப் பிடித்துப் படிக்கிற இடத்தில் நம்மாலும் போனை எடுக்க முடியாது. அந்தப் பிள்ளைகளுக்கும் நூலகத்தில் வேலை செய்பவர்களுக்கும் நன்றி. புத்தகக் காட்சி நாட்களில் என் மாதக் கடைசிக் கணக்கைத் தன் தலையில் போட்டுக்கொண்ட ஆபீஸ் தோழிக்கும்.

வீட்டில் என் மாமியார். வாராந்தரிகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்துவைத்த தலைமுறை, பரணில் இன்னும் இருக்கின்றன அந்தக் கட்டுகள். ஒவ்வொரு அத்தியாயத்தையும் அவருக்குப் படித்துக் காட்டுவேன். முடிந்ததும் அவர் "ம்ம், அப்புறம்?" என்று கேட்டால் அத்தியாயம் தேறிவிட்டது. எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டால் திரும்ப எழுத வேண்டும். அத்தை, உங்களை மாதிரி ஒரு வாசகி வீட்டுக்குள்ளேயே கிடைத்தது என் பாக்கியம். வெளியூர் போன நாட்களிலெல்லாம் பிள்ளையின் வீட்டுப்பாடம் முதல் தண்ணி லாரி வரை நீங்களும் உங்கள் மகனும் பார்த்துக்கொண்டதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

இனி வரப்போவது. ஈரோட்டில் முதல் சனி ஞாயிறு இரண்டு நாளும் மாலையில் பதிப்பாளரின் ஸ்டாலில் இருப்பேன், முதல் இரண்டு பாகங்களும் கிடைக்கும். மூன்றாம் பாகம் ஜனவரியில். அதோடு, அதே நகரத்தில் நடக்கும் ஒரு சிறுவர் கதையும் படங்களோடு தயாராகிறது, மாணவி கேட்ட அந்தத் தெருவில் வளரும் ஒரு பையனின் கதை. முதல் பாகத்தின் ஒலிப்புத்தகத்துக்குக் குரல் கொடுப்பவர் மீனவர் வசனங்களை ஊரூர் குப்பத்தில் போய்க் கேட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார், அது முடிய இன்னும் காலம் எடுக்கும். அவசரப்படுத்த எனக்கு விருப்பமில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். மூன்றாம் பாகத்தின் நன்றிப் பக்கத்தில் உங்கள் பெயர்கள் சரியாக வர வேண்டும். முன்னெழுத்து வேண்டுமா, அம்மா பெயரின் எழுத்தா அப்பா பெயரின் எழுத்தா, ஸ்ரீ போடவா சிறி போடவா, பெயரே வேண்டாமா என்று எனக்கோ லேஅவுட் தம்பிக்கோ ஆயுத பூஜைக்கு முன்னால் சொல்லிவிடுங்கள். அதற்கு அப்புறம் கடைசி ஃபார்மாவை மூடிவிடுவான், என்னாலும் திறக்கச் சொல்ல முடியாது.

அன்புடன்,
திருவான்மியூரிலிருந்து
உங்கள் எழுத்தாளர்