ஆண்டறிக்கை 2024–25: பொங்கல், சந்தா, ஒரு முயல்

மதிப்பிற்குரிய நம் தமிழ்ச் சங்கத் தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அவர்களுக்கு இந்த அறிக்கை மின்னஞ்சலில் போகும். படிப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

வழக்கமான நிகழ்ச்சிகள் வழக்கம்போல் நடந்தன. சித்திரைப் புத்தாண்டு விழா நடந்தது. கோடை விளையாட்டுப் போட்டி மழையால் பாதியில் நின்றது. தீபாவளிக் கலைநிகழ்ச்சியில் நடனங்கள் அதிகம், நேரம் குறைவு. பொங்கலுக்கு மண்டபம் கொள்ளாத கூட்டம். இதைப் பற்றி சந்தா பகுதியில் இன்னும் கொஞ்சம் சொல்வேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு தொடர்கிறது. செயற்குழு மாதந்தோறும் கூடியது. சில மாதங்களில் நானும் பொருளாளரும் மட்டும் கூடினோம்.

இனி, குழந்தைகள் எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டரைப் பற்றிய கண்காட்சிக்கும், அவருடைய ஹில் டாப் பண்ணைக்குப் போன பயணத்துக்கும் வருகிறேன். "தமிழ்ச் சங்கத்துக்கும் முயலுக்கும் என்ன சம்பந்தம்?" என்று வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டார். கேள்விக்குக் கீழே நிறைய கட்டைவிரல்கள் உயர்ந்தன. பதிலை அங்கே எழுதினால் காலை வணக்கப் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நாம் குடியிருப்பது இங்கிலாந்தின் வடமேற்கில், லங்காஷயரில். மோட்டார்வேயில் வடக்கே போனால் ஏரி மாவட்டம். நம் பிள்ளைகள் பள்ளியில் முதலில் கைக்கு எடுக்கும் புத்தகங்களில் ஒன்று பீட்டர் முயலின் கதை. அதை எழுதிப் படமும் போட்டவரைப் பற்றி நாம் தமிழில் பேசினால்தான் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் வாயைத் திறப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. திறந்தார்கள். வாரக்கணக்கில் திருக்குறளுக்குத் திறக்காத வாய்கள்.

பாட்டர் 1866 ஜூலை 28 அன்று லண்டன் கென்சிங்டனில் பிறந்தவர். வசதியான குடும்பம். பள்ளிக்கு அனுப்பவில்லை, வீட்டுக்கே ஆசிரியை வந்தார். தோழிகள் என்று சொல்லிக்கொள்ள யாருமில்லை. தம்பியும் அவரும் முயல், எலி, முள்ளெலி, பல்லி, வௌவால் என்று கையில் கிடைத்ததையெல்லாம் மாடி அறையில் வளர்த்தார்கள், பார்த்துப் பார்த்து வரைந்தார்கள். பதின்ம வயதிலிருந்து முப்பது வயதுவரை தானே உண்டாக்கிய ரகசிய எழுத்தில் நாட்குறிப்பு எழுதினார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1958இல்தான் லெஸ்லி லிண்டர் என்பவர் அதன் பூட்டை உடைத்தார்.

கண்காட்சியில் இதைச் சொன்ன பலகையின் முன்னால்தான் பிள்ளைகள் அதிக நேரம் நின்றார்கள். ஆளுக்கொரு ரகசிய எழுத்து உருவாக்கச் சொன்னோம். வட்டமும் முக்கோணமுமாகப் பலர் கிறுக்கிக்கொண்டிருக்க, ஒரு சிறுமி மட்டும் தன் தோழிக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதினாள். "எங்கள் கிளாஸில் இதை யாராலும் படிக்க முடியாது அங்கிள்" என்றாள். 'ஷ' போட மறந்திருந்தாள், பரவாயில்லை. தமிழ் எழுத்தை அவள் தானாக எடுத்து எழுதிய முதல் நாள் அது என்று அவளுடைய அம்மா சொன்னார். முயலுக்கும் தமிழுக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவுதான். செயற்குழுவுக்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

காளான் பலகையைப் பெரியவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். அதில்தான் பாட்டரின் இன்னொரு முகம் இருந்தது. காளான்களை நுண்ணோக்கியில் வைத்து வரைந்து வரைந்து, அவற்றின் வித்துகள் எப்படி முளைக்கின்றன என்று ஒரு கட்டுரை எழுதினார். 1897 ஏப்ரலில் அது லண்டன் லின்னேயன் கழகம் என்ற அறிவியல் அமைப்பின் கூட்டத்துக்கு வந்தது. பெண்களுக்கு அப்போது அங்கே அனுமதி கிடையாது. அதனால் ஜார்ஜ் மாஸி என்ற கியூ தாவரவியல் தோட்டத்து நிபுணர் அவருக்காக அதைச் சமர்ப்பித்தார். தன் கட்டுரை பேசப்பட்ட கூட்டத்துக்குள் அவரால் நுழைய முடியவில்லை. நம் கூட்டங்களுக்கு யாரையும் வர வேண்டாம் என்று நாம் சொன்னதில்லை என்பதை இந்த இடத்தில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

பீட்டர் முயல் பிறந்தது ஒரு கடிதத்தில். தன் முன்னாள் ஆசிரியையின் மகன் நோயல் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, 1893 செப்டம்பர் 4ஆம் தேதி அவனுக்குப் படம் போட்டு எழுதிய கதை. பிறகு அதைப் புத்தகமாக்க நினைத்தார். பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. சரி என்று 1901 டிசம்பரில் சொந்தக் காசில் 250 பிரதிகள் அச்சடித்தார். அப்புறம்தான் ஃபிரடெரிக் வார்ன் பதிப்பகம் 1902இல் வண்ணப் படங்களுடன் வெளியிட்டது. குழந்தையின் கைக்குள் அடங்கும் அளவு, விலை ஒரு ஷில்லிங்: இரண்டும் அவர் பிடித்த பிடி. மறு ஆண்டே முயல் பொம்மைக்குக் காப்புரிமையும் வாங்கிவிட்டார். கணக்கில் கெட்டி.

1905இல் பதிப்பாளர் குடும்பத்து நார்மன் வார்னுடன் திருமணம் நிச்சயமானது. வியாபாரக் குடும்பத்துப் பையன் என்று பெற்றோருக்குப் பிடிக்கவில்லை. ஒரு மாதத்தில் நார்மன் ரத்தப் புற்றுநோயில் இறந்துபோனார். அதே ஆண்டு, புத்தகத்தில் வந்த பணத்தையும் கொஞ்சம் குடும்பச் சொத்தையும் போட்டு, ஏரி மாவட்டத்து நியர் சாவ்ரி கிராமத்தில் ஹில் டாப் பண்ணையை வாங்கினார்.

அந்தப் பண்ணைக்குத்தான் ஹாஃப் டெர்ம் என்ற பள்ளி இடைவிடுமுறையில் போனோம். பெயர் கொடுத்தவர்களை நம்பிப் பெரிய பேருந்து அமர்த்தினோம். முந்தின நாள் இரவு பத்து மணிக்கு மேல் ஒவ்வொருவராக "சாரி, பிள்ளைக்கு இருமல்" என்று எழுத ஆரம்பித்தார்கள். இருமல் வந்த பிள்ளைகளில் சிலர் மறுநாள் டிராஃபர்ட் சென்டர் வணிக வளாகத்தில் ஐஸ்கிரீம் சாப்பிடும் படங்களை நானே பார்த்தேன். பேருந்துக் கட்டணம் காலி இருக்கைக்கும் சேர்த்துத்தான். அது சங்கத்தின் தலையில் விழுந்தது.

வந்தவர்களுக்கு நல்ல நாளாக அமைந்தது. வீடு சின்னது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே விடுவார்கள். பிள்ளைகள் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு, படத்தில் இருக்கும் மாடிப்படியையும் அடுப்பையும் வீட்டில் தேடினார்கள், இருந்தன. பாட்டரின் இன்னொரு கதையில் வரும் ஜெமைமா வாத்து, ருபார்ப் என்ற செடியின் இலைகளுக்குள் முட்டையை ஒளித்துவைத்த காய்கறித் தோட்டம் வாசலுக்கு எதிரிலேயே இருக்கிறது. அங்கே ஒரு பையன் குனிந்து முட்டை தேடியதை, ஐஸ்கிரீம் சாப்பிடப் போனவர்கள் பார்க்கவில்லை.

1913இல், 47 வயதில், பாட்டர் தனக்கு நிலம் வாங்க உதவிய வழக்கறிஞர் வில்லியம் ஹீலிஸை மணந்தார். அதற்குப் பிறகு ஊரில் அவர் திருமதி ஹீலிஸ். கதைகள் குறைந்தன, ஆடுகள் கூடின. மழையில் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு போனவரைப் பார்த்து வழிப்போக்கர் ஒருவர் தன்னைப்போல வீடில்லாதவர் என்று நினைத்து அனுதாபப்பட்டதாகச் சொல்வார்கள். ஹெர்ட்விக் என்ற ஏரி மாவட்டத்துச் செம்மறி ஆடுகளை வளர்ப்பதில் கைதேர்ந்தவர். இந்த ஆடுகளுக்கு வேலி வேண்டாம். தாய் மேய்ந்த மலைச்சரிவைக் குட்டி கற்றுக்கொண்டு, எங்கே சுற்றினாலும் அங்கேயே திரும்பி வரும். நம் உறுப்பினர்களும் அப்படித்தான், பொங்கலன்று மட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது 1927 சமாசாரம். விண்டர்மியர் ஏரிக்கரையில் காக்‌ஷாட் பாயிண்ட் என்ற நிலத்தில் கட்டடம் வந்துவிடும் என்ற பயம். அதைக் காப்பாற்றப் பணம் வேண்டும். பாட்டர் தன் முயல் படங்களில் 50 பிரதிகளைக் கையெழுத்திட்டு அமெரிக்க வாசகர்களுக்கு விற்று நிதி திரட்டினார். நன்கொடை கேட்க அவர் கூச்சப்படவில்லை, நானும் படப்போவதில்லை. 1930 வாக்கில் மாங்க் கோனிஸ்டன் பெருநிலம் விலைக்கு வந்தபோது அதை வாங்கி, பாதியை வாங்கிய விலைக்கே நேஷனல் டிரஸ்ட்டுக்கு, அதாவது இயற்கையையும் பழைய கட்டடங்களையும் காக்கும் அறக்கட்டளைக்கு, கொடுத்தார். 1943 டிசம்பர் 22 அன்று இறந்தபோது 4,000 ஏக்கருக்கு மேல் நிலத்தையும் பல பண்ணைகளையும் அதே அமைப்புக்கு எழுதிவைத்திருந்தார், ஹெர்ட்விக் ஆடுகள் அங்கே தொடர்ந்து மேய வேண்டும் என்ற விருப்பத்தோடு. இதில் ஒரு துணுக்கு: நேஷனல் டிரஸ்ட்டின் முதல் ஆயுள் உறுப்பினர் பாட்டரின் அப்பா ரூபர்ட். அந்தக் குடும்பத்தில் சந்தா பாக்கி என்ற பேச்சே எழுந்திருக்காது.

சந்தாவுக்கு வந்துவிட்டோம். பொங்கல் பந்தியில் உட்கார்ந்தவர்களின் பட்டியலையும் சந்தா கட்டியவர்களின் பட்டியலையும் பொருளாளர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதலாவது நான்கு பக்கம், இரண்டாவது ஒன்றரைப் பக்கம். பெயர்களைச் சொல்லி யாரையும் சங்கடப்படுத்த மாட்டேன். சிலர் "நாங்கள் சங்கத்தில்தான் இருக்கிறோமா என்றே தெரியவில்லை" என்கிறார்கள். வடை வாங்க வரும்போது தெரிகிறது.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்கட்டிவிட்டன. மண்டப வாடகை கூடியிருக்கிறது. 'இதரச் செலவு' என்ற தலைப்பு சற்றுப் பெரிதாகத் தெரியலாம். கண்காட்சிப் பலகைகளின் அச்சுக்கூலியும் பேருந்தின் காலி இருக்கைகளும் அதில் அடக்கம். பலகைகள் கெட்டியானவை, இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். மேல்விவரம் வேண்டுவோர் பொருளாளரை, அவர் சாப்பிட்ட பிறகு, அணுகலாம்.

தலைவர் அவர்களுக்கும், சமையல் குழுவுக்கும், ஒலிபெருக்கி கொடுத்து உதவியவருக்கும், தமிழ் வகுப்பு ஆசிரியைகளுக்கும், பேருந்தில் வந்தவர்களுக்கும் நன்றி. பேருந்தில் வந்தவர்களுக்கு மட்டும் இரண்டு மடங்கு நன்றி.

வரும் ஆண்டில் செயலாளர் பொறுப்பை வேறு யாராவது ஏற்க முன்வந்தால் மனமார வரவேற்பேன். வேட்புமனு கேட்டு அனுப்பிய மின்னஞ்சலுக்கு இதுவரை பதில் வரவில்லை. யாரும் முன்வராவிட்டால் சங்கத்தின் நலன் கருதி நானே தொடர வேண்டியிருக்கும். அப்படித் தொடர்ந்தால் அடுத்த கோடையில் ஏரி மாவட்டத்தின் ஹாக்ஸ்ஹெட்டுக்கும் கோனிஸ்டனுக்கும் ஒரு பயணம் மனதில் இருக்கிறது. இந்த முறை முன்பணம் கட்டியவர்களுக்கு மட்டுமே இருக்கை. இருமலுக்குப் பணம் திரும்பாது.

இப்படிக்கு,
செயலாளர்

பி.கு.: வங்கியிலிருந்து சந்தா தானாகப் போகச் செய்யும் ஸ்டாண்டிங் ஆர்டர் படிவங்கள் வாசல் மேஜையில், காபி குடுவைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பேனாவும் இருக்கிறது. கண்காட்சிப் பலகைகள் இப்போது என் கராஜில் உள்ளன. இடம் இருப்பவர்கள் சொன்னால் நானே கொண்டுவந்து இறக்கித் தருகிறேன், என் மனைவி சார்பாகக் கேட்டுக்கொள்கிறேன்.