ஹோட்டலுக்கு முன் அது தபால் நிலையம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சிங்கப்பூர் ஆற்று முகத்துவாரத்தில் நிற்கும் ஃபுல்லர்ட்டன் ஹோட்டலைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, அதன் பண்டைய கிரேக்கப் பாணி டோரிக் தூண்களையும் 400 அறைகளையும் அழகாக வருணித்திருந்தது. ஆயினும், 2001இல் ஹோட்டலாகத் திறக்கப்பட்ட அக்கட்டடம், 1928 முதல் 1996 வரை 68 ஆண்டுகள் பொதுத் தபால் நிலையமாக விளங்கியதை ஒரே வரியில் கடந்து சென்றது எனக்குப் பெருங்குறையாகப் பட்டது.

1928 ஜூனில் ஆளுநர் ஹியூ கிளிஃபர்ட் திறந்துவைத்த அக்கட்டடத்தின் மேல்தளங்களில் ஐரோப்பியக் கனவான்களின் சிங்கப்பூர் கிளப் இயங்க, கீழே ஏறத்தாழ 90 மீட்டர் நீண்ட தபால் சேவை முகப்பின் (கவுண்டரின்) முன் கடிதம் அனுப்ப வந்த எல்லா இனத்தவரும் வரிசையில் நின்றனர். சாலைக்கு அடியில் அமைந்த சுரங்கவழியாகத் தபால் மூட்டைகள் படகுத்துறைக்குச் சென்றன. தீவின் சாலைத் தொலைவுகளும் இங்கிருந்தே மைல் கணக்கில் அளக்கப்பட்டன. 1942 பிப்ரவரியில், ஜப்பானியப் படையெடுப்பின்போது, ஆளுநர் ஷென்டன் தாமஸ் இதே கிளப்பில் தஞ்சம் புகுந்திருந்ததைக் கட்டுரை விரிவாகச் சொல்கிறது. முகப்புக்குப் பின்னால் பணியாற்றிய குமாஸ்தாக்களுக்கு அதில் இடமில்லை.

இந்த இடத்தில் முன்பிருந்த கோட்டைக்காக, ஆற்றுவாயில் கிடந்த பழைய கல்வெட்டுப் பாறை 1843இல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. தேசிய அரும்பொருளகத்தில் எஞ்சியிருக்கும் துண்டின் எழுத்துகளை இன்றுவரை எவராலும் படிக்க முடியவில்லை. (இதையும் கட்டுரை குறிப்பிட்டிருக்கலாம்.)

ஹோட்டலாக மாற்றியதை நான் குறைகூறவில்லை. நடந்து செல்லும் தொலைவில், மார்க்கெட் ஸ்திரீட்டில் வரிசையாக இருந்த செட்டியார் கிட்டங்கிகள் (வட்டித் தொழில் நடந்த கடைவீடுகள்) 1970களில் இடிக்கப்பட்டு, அடையாளமே இல்லாமல் போய்விட்டன. புதிய பயன்பாடு கிடைத்ததால் ஃபுல்லர்ட்டன் பிழைத்து, 2015இல் தேசிய நினைவுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டது.

தபால் நிலையம் அங்கிருந்து வெளியேறி அதிக காலம் ஆகிவிடவில்லை. அதன் கடைசி ஆண்டுகளில் அங்கு வேலை செய்தவர்கள் இன்னும் நம்மிடையே வாழ்கிறார்கள். அவர்களைத் தேடிக் கண்டு, அவர்கள் சொல்வதைத் தங்கள் இதழ் பதிவுசெய்ய வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
நெடுநாள் வாசகர்,
சிங்கப்பூர்