ஒரு டெஸ்டுகூட ஓடவில்லை, ஆனாலும் சக்சஸ்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புதிதாக மென்பொருள் படிக்கிறவர்களுக்காக உங்கள் கணினிப் பக்கத்தில், ஜாவா புரோகிராம்களைக் கம்பைல் செய்து, டெஸ்ட் ஓட்டி, கட்டித் தரும் மேவன் என்ற கருவியைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த ஃபோல்டரில் எதை வைக்க வேண்டும் என்று தெளிவாகச் சொல்லியிருந்தது. ஆனால் ஃபோல்டர்கள் அப்படி அமையாத புராஜெக்டை என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. வேலையில் சேர்ந்ததும் பலர் தலையில் வந்து விழுவது அந்த மாதிரிப் பழைய புராஜெக்ட்தான்.

நான் பார்த்துக்கொள்வது, மேவனுக்கு முந்தைய கருவியான ஆன்ட் காலத்துப் புராஜெக்ட். ஜாவா கோப்புகளும் அவற்றுக்கு வேண்டிய அமைப்பு விவரங்களை வைத்திருக்கும் பிராப்பர்டீஸ் கோப்புகளும் 'எஸ்ஆர்சி' என்ற ஒரே ஃபோல்டரில் அருகருகே கிடக்கும். கோடு சரியாக வேலை செய்கிறதா என்று சோதிக்கும் டெஸ்டுகள் வெளியே, 'டெஸ்ட்ஸ்' என்ற தனி ஃபோல்டரில். மேவனுக்கு மாற்றும்போது மேவனுக்கான அமைப்புகளை எழுதும் பாம் கோப்பில் சோர்ஸ்டைரக்டரியை, அதாவது ஜாவா கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை, மட்டும் 'எஸ்ஆர்சி' என்று எழுதினேன். 'பில்ட் சக்சஸ்' என்று வந்தது. நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

மறுநாள் புரோகிராம் தொடங்கும்போதே விழுந்தது. மேவன் கடைசியில் கட்டித் தரும் ஜார் கோப்புக்குள் பிராப்பர்டீஸ் கோப்பு ஒன்றுகூட இல்லை. சோர்ஸ் ஃபோல்டரில் இருக்கும் ஜாவா கோப்புகளைக் கம்பைல் செய்வதோடு மேவன் நிறுத்திக்கொள்ளும். மற்றவற்றை ரிசோர்ஸ் என்று தனியாகச் சொன்னால்தான் எடுத்து வைக்கும். அதே 'எஸ்ஆர்சி'யை ரிசோர்ஸ் ஃபோல்டராகவும் காட்டி, ஜாவா கோப்புகளை விலக்கச் சொல்லி எழுதினேன். விலக்காவிட்டால் சோர்ஸ் கோடு முழுவதும் ஜாருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இதாவது உடனே தெரிந்தது. இன்றுவரை என்னை உறுத்துவது டெஸ்ட் விஷயம். டெஸ்ட் ஃபோல்டர் எங்கே என்று நான் சொல்லவே இல்லை. மேவன் தனக்குத் தெரிந்த இடத்தில் தேடியிருக்கிறது. எதுவும் இல்லாததால் 'நோ டெஸ்ட்ஸ் டு ரன்' என்று நடுவில் ஒரு வரி போட்டுவிட்டு, கடைசியில் சக்சஸ் சொல்லியிருக்கிறது. மூன்று வாரம் ஒரு டெஸ்டும் ஓடவில்லை. அந்த இடைவெளியில் தேதிக் கணக்கில் நான் செய்த பிழை பயனர்கள் வரை போய்விட்டது. பிப்ரவரி 29-ஐச் சோதிக்கும் டெஸ்ட் ஒன்று அந்த ஃபோல்டரிலேயே இருந்தது. ஓடியிருந்தால் அன்றைக்கே பிடித்திருக்கும்.

ஃபோல்டர்களையே வழக்கப்படி மாற்றிவிட வேண்டியதுதானே என்று கேட்பார்கள். முடிந்தால் அதுதான் நல்லது. எங்களுக்கு அது உடனே முடியாது. நாலைந்து பேர் பாதியில் வைத்திருக்கும் வேலையும் வேறு சில ஸ்கிரிப்டுகளும் பழைய பாதைகளை நம்பித்தான் இருக்கின்றன.

அதனால் அடுத்த கட்டுரையில், டெஸ்ட் ஃபோல்டர் எங்கே என்று பாம் கோப்பில் சொல்லும் டெஸ்ட்சோர்ஸ்டைரக்டரி பற்றி எழுதச் சொல்லுங்கள். மேவனில் டெஸ்டுகளை ஓட்டும் ஷ்யூர்ஃபயர் பிளகினில் 'ஃபெயில்இஃப்நோடெஸ்ட்ஸ்' என்பதை 'ட்ரூ' என்று வைத்தால், டெஸ்டே இல்லாதபோது பில்ட் நின்றுவிடும் என்பதையும் சேர்க்கலாம். அப்புறம், 'ஹெல்ப்:எஃபெக்டிவ்-பாம்' என்ற கட்டளை. மேவன் எந்தெந்த ஃபோல்டரை எடுத்துக்கொள்கிறது என்பதை அது முழுதாகக் காட்டிவிடும். முதல் நாளே அதை ஓட்டிப் பார்த்திருந்தால், டெஸ்ட் பாதை தவறாக இருப்பது என் கண்ணில் பட்டிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி