அந்தப் பத்து நாள் லீவு

பெரியவளுக்கு,

உன் போனில் கேமரா கெட்டுப்போயிருந்தால் சரிசெய்யக் கொடு. இரண்டு மாசமாகக் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நெட் சரியில்லை என்கிறாய். சின்னவனோடு பேசும்போது மட்டும் அந்த நெட் எப்படிச் சரியாகிவிடுகிறது என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். அவன் என்னிடம் எதுவும் சொல்லவில்லை, அவனைத் திட்டாதே.

பதவி உயர்வு வந்ததை அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார். யாரும் கைபிடித்துத் தூக்கிவிடாமல் நீயாக ஏறி வந்தாய், எனக்கு அதில் எவ்வளவு பெருமை என்று உனக்குத் தெரியும். அவ்வளவு விவரமானவள் உன் சித்தி பேச்சை மட்டும் எப்படி வேதவாக்காக எடுத்துக்கொள்கிறாய்?

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி கண் இமையில் தொங்குகிற தோலையும் பையையும் எடுக்க ஏதோ ஆபரேஷன் செய்துகொள்ளப் போகிறாளாம். அவளுக்குச் சொல்கிறேன் என்று வைத்துக்கொள்.

கண்ணுக்குக் கீழே இருக்கிற பையை எடுத்தால் கருவளையமும் சேர்ந்து போய்விடும் என்று சித்தி சொல்கிறாள். போகாது. முகத்துக்கு நேராக வெளிச்சம் விழுகிற மாதிரி நின்று ஒரு போட்டோ எடுத்துப் பார்க்கச் சொல். கருப்பு மறைந்தால் அது பையின் நிழல். மறையாவிட்டால் தோலின் நிறம், அல்லது மெல்லிய தோலுக்கு அடியில் தெரிகிற இரத்தக் குழாய். டாக்டரின் கத்தி நிழலைக் குறைக்கும், நிறத்தை ஒன்றும் செய்யாது. சிரித்தால் கண் ஓரத்தில் விழுகிற கோடும் அப்படியேதான் இருக்கும். புருவம் இறங்கியிருந்தால் அது வேறு வேலை. இமையைத் தூக்குகிற தசையே தளர்ந்திருந்தால், மேலே தோலை வெட்டி என்ன பயன்? கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்று வேறு சொன்னாளாம், இமையைத் தைத்தால் பவர் எப்படி மாறும்? இதையெல்லாம் இவ்வளவு தைரியமாகப் பேசுகிறவள் ஊசி என்றால் மயங்கி விழுகிறவள் என்பதை நினைத்துக்கொள்.

அப்புறம், இது வயதானவர்கள் சமாசாரம், எனக்கு ஏன் இப்போதே வந்தது என்று அந்தப் பெண் அழுகிறாளாம். அழ வேண்டாம். தூக்கம் கெட்டதாலோ அழுததாலோ மட்டும் வருவதில்லை, சில வீடுகளில் இருபது வயதிலேயே பை தெரியும். நம் வீட்டில் பாட்டி போட்டோவைப் பார்த்தாலே போதும். ஆனால் தைராய்டு கோளாறிலும் கண் வீங்கும், அதை முதலில் பார்த்துவிட வேண்டும். எனக்கு இருக்கிறது. நீயும் பார்த்துவிடு.

சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லச் சொல். தலைவலிக்குப் போடுகிற ஆஸ்பிரின், மூட்டு வலி மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, எதையும் விடாமல். ரத்தம் உறையாமல் போனால் கன்னம் வரைக்கும் கன்றிப்போகும். அபூர்வமாகக் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டிப் பார்வையே போகலாம். வலி தாங்க முடியாமல், கண் பிதுங்கி, பார்வை மங்கினால் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடக் கூடாது. மாத்திரையை மறைக்கவே கூடாது. நான் மறைத்தேன்.

சரி, பக்கத்து வீட்டில் பெண்ணே கிடையாது, உனக்கே தெரியும்.

என் கண் ஆபரேஷனுக்கு நீ பத்து நாள் லீவு போட்டு வந்தாயே, இமை பார்வையை மறைக்கிறது, டாக்டர் செய்தே ஆக வேண்டும் என்கிறார் என்று உன்னிடம் அழுதேனே. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. பெட்டிக்குள் முகத்தை வைத்து, புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். எல்லாப் புள்ளியும் எனக்குத் தெரிந்தது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை, அழகுக்கு வேண்டுமானால் செய்யலாம் என்றார். நான் அழகுக்குத்தான் செய்தேன். அப்பாவுக்கும் தெரியாது. நீ லீவு கெட்டு, ஐஸ் பையும் சொட்டு மருந்துமாக ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருந்தாய். நானோ அதற்கு அடுத்த வருஷமே, கண்ணாடி முன்னால் நீ பத்து நிமிஷம் நின்றதற்கு உன்னை என்னவெல்லாம் சொன்னேன்.

இன்னொன்றும் இருக்கிறது. உட்கார வைத்துத்தான் பேனாவால் கோடு போடுவார்கள், படுத்தால் தோல் நகர்ந்துவிடும். சின்ன இடுக்கியால் தோலைக் கிள்ளி, எவ்வளவு எடுக்கலாம் என்று பார்ப்பார்கள். புருவத்துக்கும் இமை ரோமத்துக்கும் நடுவே ஏறக்குறைய 20 மில்லிமீட்டர் தோலாவது மிஞ்ச வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு அது தெரியாது. நிறைய எடுத்தால் நிறைய வருஷம் நிற்கும் என்று நினைத்து, இன்னும் கொஞ்சம் எடுங்கள் என்று நான்தான் கெஞ்சினேன். அவர் கேட்டிருக்கக் கூடாது, கேட்டார். வலது கண் அன்றிலிருந்து தூக்கத்தில் மூடுவதில்லை. அம்மா ஒரு கண்ணால் காவல் காக்கிறாள் என்று சின்னவனும் நீயும் சிரிப்பீர்களே, அது இதுதான். ராத்திரி களிம்பு தடவி, இமையை விரலால் இழுத்துப் பிடித்துப் பிளாஸ்திரி ஒட்டிப் படுக்கிறேன். காலையில் உரிக்கும்போது இரண்டு ரோமம் கூடவே வரும். அவ்வளவு கெஞ்சி வாங்கிய அழகும் நிற்கவில்லை, புருவம் இறங்கி மறுபடி மடிப்பு விழுந்துவிட்டது.

அதனால்தான் உன் கண்ணை நினைத்துப் பயப்படுகிறேன். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர், அதிலும் கான்டாக்ட் லென்ஸ். சாயங்காலம் ஆனால் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்று போன வருஷமே சொன்னாய். இமை ஒழுங்காக மூடித் திறந்தால்தான் கண்ணீர் கருவிழி மேல் பரவும். ஏற்கெனவே காய்ந்த கண் இன்னும் காய்ந்துபோகும். அதை டாக்டரிடம் சொன்னாயா? மாத்திரையைச் சொன்னாயா?

செய்யாதே என்று சொல்ல எனக்கு வாயில்லை. கண்ணையும் இமையையும் சேர்த்துப் பார்க்கிற டாக்டராகத் தேடு, பார்லர் மாதிரி போர்டு போட்ட இடத்துக்குப் போகாதே. குறைவாகவே எடுக்கச் சொல். ஒரு வாரத்தில் தையல் பிரித்துவிடுவார்கள், ஆனால் வீக்கம் முழுசாக வடிந்து முகம் உன் முகமாகத் தெரிய மாசக்கணக்காகும். நடுவில் கண்ணாடியைப் பார்த்து அழாதே, நான் அழுதேன்.

தேதி குறித்துவிட்டாய் என்றால் என்னிடம் சொல்ல வேண்டாம், சின்னவனிடம் சொல்லிவை. நான் பத்து நாளுக்குத் துணி எடுத்துவைத்திருக்கிறேன். சொட்டு மருந்து போட எனக்குக் கை நடுங்காது.

அம்மா