ஊத் வாத்தியத்துக்கும் ஏற்றது என்று சொல்லி விற்ற பெடல் குறித்த புகார்

பெறுநர்
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பிரீஆம்ப், எஃபெக்ட்ஸ் பெடலின் பெட்டியில் தவறான இம்பீடன்ஸ் அளவு – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா / அம்மா,

வணக்கம். நான் அபுதாபியில் வேலை பார்க்கிறேன். ஆறு வருடங்களாக ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியத்தை வாசிக்கிறேன். போன விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது, வாத்தியத்தின் ஒலியைக் கூட்டியும் மாற்றியும் தரும் உங்கள் பெடலை வரி சேர்த்து ரூ.11,800 கொடுத்து வாங்கினேன். ரசீதின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நம் ஊரில் தயாராகும் பெடல், அதன் பெட்டியில் வீணை, மண்டலின் படங்களோடு ஊத் படமும் இருந்தது. 'பியசோ பிக்கப்புக்கு 10 மெகா ஓம் உள்ளீடு' என்றும் அச்சிட்டிருந்தீர்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் வாங்கினேன்.

அந்த வரி எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்லிவிடுகிறேன். ஊத்தின் மேல் தந்திகள் நைலான், அதனால் எலெக்ட்ரிக் கிட்டாரின் காந்தப் பிக்கப் இதற்கு உதவாது. பலகையிலோ தந்திகளைத் தாங்கும் குதிரையிலோ, அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் பியசோவை ஒட்டித்தான் ஒலியை எடுக்க வேண்டும். பியசோ ஒரு சின்ன கெபாசிட்டர் போன்றது. அது போய்ச் சேரும் இடத்தில் இம்பீடன்ஸ், அதாவது ஓமில் அளக்கும் மின்னெதிர்ப்பு, குறைவாக இருந்தால் கீழ் ஸ்வரங்கள் அங்கேயே வடிந்துவிடும். என் பிக்கப் 1 நானோ ஃபாரட். அதை 10 மெகா ஓமில் செருகினால் சுமார் 16 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் ஒலி குறையும், அது காதுக்கே எட்டாத இடம். 1 மெகா ஓமில் செருகினால் 159 ஹெர்ட்ஸிலேயே குறையத் தொடங்கிவிடும். நான் கூட்டும் அரபுச் சுருதியில் அடித்தந்தி 65 ஹெர்ட்ஸ், அதற்கு மேலே 87, 110, 147. அதாவது ஆறு தந்தி வரிசைகளில் நான்கு அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கின்றன.

எனக்கு நடந்ததும் அதுதான். நண்பர்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு சின்னக் கச்சேரி. தக்ஸீம் வாசிக்கும்போது, நம் ஆலாபனை மாதிரி, மேலே அலைந்துவிட்டு அடித்தந்தியில் வந்து நிற்க வேண்டும். அந்தக் கார்வையில்தான் கேட்பவருக்கு மூச்சே திரும்பும். ஊத் மீட்டும் குச்சியான ரிஷாவால் தந்தியைத் தட்டினேன். ஆம்பில் 'டிக்' என்று ரிஷா பட்ட சத்தம் மட்டும் வந்தது, தந்தியின் கனம் வரவே இல்லை. பாஸ் குமிழைத் திருகினேன். இழந்த ஒலி திரும்பவில்லை, குடம் அதிர்ந்து ஃபீட்பேக் ஊளையிட்டது. ஊளையிடும் இடத்தை மட்டும் வெட்டும் நாட்ச் ஃபில்டரைப் போட்டால் ஊளை நின்றது, ஆனால் அதோடு 110 ஹெர்ட்ஸ் தந்தியும் அமுங்கிப் போனது. அன்று மிச்ச நேரத்தைப் பெடலைக் கழற்றி வைத்துவிட்டு மைக் முன்னால் உட்கார்ந்து வாசித்தேன்.

உங்கள் சேவைப் பிரிவு முதலில் கேபிளை மாற்றச் சொன்னது, மாற்றினேன். அப்புறம் பிக்கப்பில்தான் கோளாறு என்றது. அதே பிக்கப்பை நண்பரிடம் இரவல் வாங்கிய வேறொரு 10 மெகா ஓம் பிரீஆம்பில் செருகினேன். அடித்தந்தி முழுசாக, உருண்டையாக ஒலித்தது. அதன் பிறகு எலெக்ட்ரானிக்ஸ் தெரிந்த அந்த நண்பர் உங்கள் பெடலைச் சோதித்தார். 200 ஹெர்ட்ஸ் ஒலியை நேராகக் கொடுத்து வெளியீட்டு வோல்டேஜை அளந்தார். பிறகு நடுவில் 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வைத்து அளந்தார். சரிபாதியாகக் குறைந்தது. உள்ளீடு உண்மையிலேயே 10 மெகா ஓமாக இருந்தால் பத்தில் ஒரு பங்குகூடக் குறைந்திருக்காது. ஆக, உள்ளே இருப்பது 1 மெகா ஓம். அளந்த வீடியோவை இரண்டு முறை அனுப்பினேன். வந்த பதில்: 'இந்தப் பெடல் கிட்டாருக்கானது, வேறு கருவியில் பயன்படுத்தினால் வாரண்டி செல்லாது.' பெட்டியில் ஊத் படத்தைப் போட்டுவிட்டு இப்படி எழுதுவது நியாயமா?

வாசிக்கும் ஸ்வரத்தோடு இன்னொரு ஸ்வரத்தைச் சேர்த்துத் தரும் ஹார்மனி பகுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஊத்தில் வீணையைப் போல மெட்டுகள் கிடையாது. நம் ராகம் மாதிரி அரபு இசையில் இருக்கும் ராஸ்த் மகாமின் மூன்றாம் ஸ்வரம் நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் நிற்கும். உங்கள் பெடல் அதை ஒரு நேரம் இதாகவும் ஒரு நேரம் அதாகவும் எடுத்துக்கொண்டு, சேர்த்துப் பாடும் ஸ்வரத்தைத் தடுமாற விடுகிறது. பன்னிரண்டு ஸ்வரக் கணக்கில் செய்த கருவி அப்படித்தான் நடக்கும், அதற்காக நான் பணம் கேட்கவில்லை. ஆனால் கையேட்டில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எதிரொலி தரும் டிலேயும் ரிவர்பும் உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன, குறிப்பாக டிலே ரிஷாவின் ஒவ்வொரு தட்டையும் குழப்பாமல் தனித்தனியாகத் திருப்பிச் சொல்கிறது. இவ்வளவு நன்றாகச் செய்தவர்கள் நுழைவாயிலில் கோட்டை விட்டீர்களே என்பதுதான் என் வருத்தம்.

ஊத்துக்கு எஃபெக்ட்ஸ் எதற்கு என்று உங்கள் ஊழியர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். ஸ்பீட் காரவான் குழுவின் மெஹ்தி ஹத்தாப் எலெக்ட்ரிக் ஊத்தில் டிஸ்டார்ஷன் போட்டு மேடையேறிப் பல வருடங்கள் ஆகின்றன. நான் இருக்கும் அபுதாபியில் ஊத்துக்கென்றே பைத் அல் ஊத் என்ற பள்ளி 2008 முதல் நடக்கிறது. இங்கே என்னோடு வாசிக்கும் மூன்று பேருக்கு நானே உங்கள் பெடலைச் சொல்லியிருந்தேன். அவர்களிடம் வாங்க வேண்டாம் என்று திரும்பச் சொல்ல வேண்டி வந்தது.

எனவே, ரூ.11,800-ஐத் திருப்பித் தாருங்கள், அல்லது உள்ளீட்டை உண்மையிலேயே 10 மெகா ஓமாக மாற்றி, அளந்து காட்டி, அனுப்பும் செலவையும் ஏற்றுக் கொடுங்கள். இரண்டில் எதுவானாலும் எனக்குச் சம்மதம். கூடவே, பெட்டியில் இருக்கும் அந்த எண்ணைத் திருத்துங்கள். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், ரசீதோடும் வீடியோவோடும் நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன். பெடலைப் பெட்டியோடு பத்திரமாக வைத்திருக்கிறேன், எங்கே அனுப்ப வேண்டும் என்று தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
அபுதாபியிலிருந்து
உங்கள் வாடிக்கையாளர்